மறுபடியும் செய்வாரா? – பாலியல் குற்றவாளிகளும் மறுகுற்றக் கணிப்பும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2024 டிசம்பர் 23 இரவு கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை, அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் தரமணியையும் உலுக்கியது. தரமணியின் கானகம் பகுதிச் சந்துகளில் மகளிர் விடுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஐ.டி. வளாகங்களில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களும், பாலிடெக்னிக் மாணவிகளும், பறக்கும் ரயிலில் இறங்கி இருட்டிய பிறகு நடந்து வருபவர்களும் அவற்றில் தங்குகிறார்கள். அந்த வழக்கில் கைதான ஞானசேகரன் கோட்டூர்புரத்துக்காரர், அவர் மீது ஏற்கெனவே வழக்குகள் உண்டு என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: ‘இப்படிப்பட்ட ஆளை எப்படி வெளியே விட்டுவைத்தார்கள்?’

சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 ஜூன் 2 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது என்றும் சொன்னது. விசாரணை முடிந்தது, கேள்வி முடியவில்லை. ஒருவர் மறுபடியும் செய்வாரா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? விடுதி நடத்துபவர்கள், வீடு வாடகைக்கு விடுபவர்கள், பெற்றோர், இரவு வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

ஒரு தடவை செய்தவன் மறுபடியும் செய்வான். இதில் கணிக்க என்ன இருக்கிறது?

அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏறக்குறைய இப்படித்தான் நம்பியது. சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகளில் 80 சதவீதம் பேர் வரை திரும்பச் செய்யக்கூடும் என்ற எண் 2002இல் அதன் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்றது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சட்ட ஆய்வாளர்கள் பின்னாளில் தேடிப்போனார்கள். 1986இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில், சிகிச்சைத் திட்டம் நடத்தியவர்களே எழுதிய கட்டுரையின் ஒரு வாக்கியத்தில் போய் நின்றது. ஆதாரமாக ஓர் ஆய்வுகூட அங்கே இல்லை. அதற்குள் அந்த எண் எத்தனையோ நீதிமன்றங்களுக்குப் பயணம் போய்விட்டது.

முறையாக எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. கனடாவின் கார்ல் ஹான்சன் 1998இல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். நாலைந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 13.4 சதவீதம். 2004இல் வந்த இன்னொரு கனடிய ஆய்வு இன்னும் நீண்ட காலத்துக்குப் பின்தொடர்ந்தது: 5 ஆண்டில் 14 சதவீதம், 10 ஆண்டில் 20, 15 ஆண்டில் 24. எல்லோரும் ஒரே ரகமும் இல்லை. வெளியார் வீட்டுச் சிறுவர்களைக் குறிவைத்தவர்களில் 15 ஆண்டில் 35 சதவீதம் பேர் மீண்டும் சிக்கினார்கள். சொந்தக் குடும்பத்துக் குழந்தைகளிடம் அத்துமீறியவர்களில் 13 சதவீதம்.

இதைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். இவை பிடிபட்டவர்களின் கணக்கு மட்டுமே. குடும்பத்துக்குள் நடப்பது 13 சதவீதமாகத் தெரிவதற்கு, அந்த ஆட்கள் திருந்தியது காரணமா, இரண்டாவது தடவை வீட்டிலேயே மூடி மறைத்தது காரணமா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்கப்பட்ட 12,447 குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. எண்பதும் உண்மை இல்லை, பதின்மூன்றும் முழு உண்மை இல்லை. இந்தத் துறையின் முதல் தலைவலி இதுதான்.

முகலிவாக்கம் வழக்கில் ஜாமீனில் வந்தவர்தானே அடுத்த கொலையையும் செய்தார்? அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சென்னைக்காரர்கள் தவறாமல் சொல்லும் உதாரணம் இது. 2017 பிப்ரவரியில் முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். அதே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் கைதானார், தடுப்புக் காவலுக்கான குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் குண்டர் சட்ட ஆணையை ரத்து செய்தது. அவர் ஜாமீனில் வந்தார். டிசம்பரில் குன்றத்தூரில் அவருடைய தாயார் கொலையுண்டார். மறுபடியும் அவரே கைதானார். 2018இல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் சிறுமி வழக்கில் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அதுவரையிலான கதையைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. தாயார் கொலை வழக்கிலும் அதே ஆண்டு அவர் விடுதலையாகியிருந்தார். இப்போது அந்த நபரை மறுகுற்றவாளிகளின் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? கைதை வைத்து எண்ணினால் அவர் உள்ளே. தண்டனையை வைத்து எண்ணினால் கணக்கிலேயே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி அல்ல. பத்திரிகையில் எழுதுகிறவரும் அப்படித்தான் எழுத வேண்டும்.

இது ஏதோ ஒரு வழக்கின் விசித்திரம் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் தண்டனை விகிதம் 27.4 சதவீதம். நாலில் மூன்று வழக்கு தண்டனையில் முடியாத நாட்டில், ‘முன்பு தண்டனை பெற்றவரா?’ என்ற கேள்விக்கு வரும் ‘இல்லை’ என்ற பதிலை எவ்வளவு தூரம் நம்புவது? சாட்சி பிறழ்ந்ததால் தப்பியவரும், உண்மையிலேயே நிரபராதியானவரும் ஒரே கட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கிலாந்து இதே குழியில் வேறு பக்கமாக விழுந்தது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர் ஜான் வார்பாய்ஸ் 12 பெண்கள் தொடர்பான 19 குற்றங்களுக்காக 2009இல் தண்டனை பெற்றவர். அவர் மீது புகார் சொன்ன பெண்களோ நூற்றுக்கும் மேல். 2017 டிசம்பர் இறுதியில் பரோல் வாரியம் அவரை விடுவிக்க முடிவு செய்தபோது, தண்டனையான குற்றங்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குப் போட்டார்கள்; மற்றப் புகார்களையும் விசாரித்திருக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அதே 2018 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் ராஜேந்திர பிரலாதராவ் வாஸ்னிக் வழக்கில், தண்டனையில் முடியாமல் நிலுவையில் இருக்கும் வழக்குகளை வைத்து ஒருவரைத் திருத்த முடியாதவர் என்று முடிவு கட்டக் கூடாது என்றது. இரண்டு தீர்ப்புக்கும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் எழுத முடியாது.

வெளிநாடுகளில் இதற்கு ‘ஸ்கோர்’ போடுகிறார்களாமே, அதை இங்கே கொண்டுவந்தால் என்ன?

உண்டு. உலகில் அதிகம் புழங்குவது ‘ஸ்டாட்டிக்-99’ என்ற பட்டியல். ஹான்சனும் இங்கிலாந்தின் டேவிட் தார்ன்டனும் உருவாக்கியது. திருத்திய வடிவம் ‘ஸ்டாட்டிக்-99 ஆர்’. ஆளிடம் பேசக்கூட வேண்டாம், கோப்பு இருந்தால் போதும். பத்துக் கேள்விகள்: விடுதலையாகும்போது வயது என்ன, துணையோடு இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்திருக்கிறாரா, பழைய பாலியல் குற்றங்கள் எத்தனை, பாலியல் அல்லாத வன்முறை உண்டா, பாதிக்கப்பட்டவர் உறவினரா, முன்பின் தெரியாதவரா, ஆணா என்று போகும். மொத்தம் மைனஸ் 3 முதல் 12 வரை. 6ஐத் தொட்டாலே மிக அதிக அபாயப் பிரிவு.

நம் ஊரில் போட்டுப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை, மதிப்பெண் முறை நிஜம். கானகத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் 26 வயது இளைஞர். தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும் என்று இன்னும் கல்யாணம் ஆகாதவர். பஸ் நிறுத்தத்தில் தெரியாத பெண்ணிடம் அத்துமீறி, முதல் தடவையாகத் தண்டனை பெறுகிறார். 35 வயதுக்குக் கீழே என்பதால் 1, சேர்ந்து வாழாததால் 1, பாதிக்கப்பட்டவர் உறவினர் இல்லை என்பதால் 1, அந்நியர் என்பதால் 1. ஆக 4, சராசரிக்கு மேல். அடுத்தவர் 45 வயது சித்தப்பா. மனைவி, பிள்ளைகள், நிரந்தர வேலை உண்டு. அண்ணன் மகளிடம் வருடக்கணக்கில் அத்துமீறியவர். வயதுக்காக 1 கழியும், மற்ற எல்லாம் பூஜ்யம். மைனஸ் 1, சராசரிக்குக் கீழே.

சித்தப்பா யோக்கியர் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் செய்தது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அது அளப்பதே இல்லை. மீண்டும் பிடிபடும் வாய்ப்பை மட்டும்தான் சொல்கிறது. ஆனால் இந்த மதிப்பெண்ணைப் படிக்கும் அதிகாரி அப்படிப் பிரித்துப் பார்ப்பாரா?

இன்னொரு சிக்கலை வெளிநாட்டார் யோசித்திருக்க வழியே இல்லை. ‘உறவினர்’ என்பதற்கு அந்தப் பட்டியல் வைத்திருக்கும் இலக்கணம், இருவருக்கும் திருமணம் தடைசெய்யப்படும் அளவுக்கு நெருங்கிய உறவு என்பது. மாமா, சித்தப்பா இருவரும் அவர்களுக்கு ஒரே ரகம். நமக்கோ தாய்மாமன் கல்யாணம் செய்துகொள்ளும் முறையுள்ளவர்! வழக்கம் இருந்தால் இந்து திருமணச் சட்டமும் அனுமதிக்கிறது. அக்கா மகளிடம் அத்துமீறிய தாய்மாமனை எந்தக் கட்டத்தில் போடுவது? துணையோடு வாழ்ந்தாரா என்ற கேள்வியும் இப்படித்தான். கனடாவில் ஒருவர் துணையைத் தேடிச் சேர்ந்து வாழ்ந்தார் என்றால் அது அவருடைய குணத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. இங்கே ஜாதகம் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் பெரும்பாலும் பெற்றோரின் முயற்சியைத்தான் சொல்லும்.

இது வீண் வாதம் இல்லை என்பதற்குக் கனடாவே சாட்சி. ஜெஃப்ரி யூவர்ட் என்ற பூர்வகுடிக் கைதி, இந்த வகை அளவுகோல்கள் எங்கள் மக்களிடம் சோதிக்கப்பட்டவையா என்று வழக்குப் போட்டார். 2018 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம், சோதித்து உறுதி செய்யாமலே அவற்றைப் பயன்படுத்திய சிறைத்துறை தன் சட்டக் கடமையில் தவறியது என்றது.

சரி, நம் ஊருக்கு ஏற்ற மாதிரி திருத்தி வைத்துக்கொள்வோம். 70 சதவீதம் சரியாகச் சொன்னால் போதாதா?

போதாது. காரணம் வெறும் கூட்டல் கழித்தல்தான். விடுதலையாகும் 1,000 பேரில் 100 பேர் மறுபடியும் செய்யப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவுகோல் அந்த 100 பேரில் 70 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. செய்யப் போகாத 900 பேரிலும் 70 சதவீதத்தை, அதாவது 630 பேரைச் சரியாக விடுவிக்கிறது. மீதி 270 பேர் மீது தவறாகச் சிவப்பு முத்திரை விழுகிறது. ஆக முத்திரை குத்தப்பட்டவர்கள் 340. அவர்களில் நிஜமாகச் செய்யப் போகிறவர்கள் 70, ஐந்து பேருக்கு ஏறத்தாழ ஒருவர். தப்பிப் போகிற 30 பேரோ ‘ஆபத்தில்லை’ என்ற சான்றிதழோடு வெளியே வருகிறார்கள்.

நிபுணர்கள் ‘0.70’ என்று ஓர் எண் சொல்வார்கள். மறுபடி செய்தவர் ஒருவர், செய்யாதவர் ஒருவர் என்று இருவரை எடுத்தால், நூற்றுக்கு எழுபது தடவை முன்னவருக்கு அதிக மதிப்பெண் விழும் என்பதுதான் அதன் பொருள். எதிரில் நிற்கும் ஆளைப் பற்றி 70 சதவீதம் உறுதி என்பது அல்ல.

இந்த இரண்டு தவறுகளும் ஒரே மாதிரி வெளியே தெரிவதில்லை என்பதும் இதில் சேரும். விடக்கூடாதவரை விட்டால் மறுநாள் தலைப்புச் செய்தி. விட்டிருக்கலாம் என்பவரைப் பூட்டிவைத்தால் யாருக்கும் தெரியாது. அவர் உள்ளே இருப்பதால் செய்யவில்லை என்றே ஊர் நினைக்கும். 1966இல் நியூயார்க்கில் தற்செயலாக இது வெளிப்பட்டது. ஆபத்தானவர்கள் என்று சிறை மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருந்த 967 மனநோயாளிகளை, பாக்ஸ்ட்ராம் வழக்கின் தீர்ப்பால் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. பின்தொடர்ந்து பார்த்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறைப் பக்கமே போகவில்லை. பாலியல் குற்றவாளிகள் அல்ல அவர்கள் என்றாலும், கணிப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது.

கோர்ட்டில் அழுதார், ஜெயிலில் நல்ல பெயர் எடுத்தார் என்கிறார்களே?

இரண்டும் பெரிதாக எதையும் சொல்வதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுப்பதும், வருந்தாமல் நிற்பதும் நமக்கு ஆத்திரமூட்டும். ஆனால் மறுகுற்றத்தோடு அவற்றுக்குள்ள தொடர்பு பலவீனமானது என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. பாலியல் நாட்டம் திசைமாறிக் கிடப்பதும், பொதுவாகவே சட்டத்தை மதிக்காத முரட்டுப் போக்கும்தான் வலுவான அறிகுறிகள். சிறை நன்னடத்தை என்பதோ, குழந்தைகளே இல்லாத இடத்தில் குழந்தைகளிடம் அத்துமீறாமல் இருந்ததற்குத் தரும் பாராட்டு. வயது மட்டும் கொஞ்சம் நம்பகமான துணை: 60 தாண்டினால் ஸ்டாட்டிக்-99 ஆர் 3 மதிப்பெண் கழிக்கிறது. வெளியே வந்து ஐந்து ஆண்டு குற்றமின்றிக் கழித்தவரின் அபாயம் ஏறத்தாழ பாதியாகிறது என்று ஹான்சன் குழு 2014இல் எழுதியது.

இங்கே இதையெல்லாம் யார் கணிக்கிறார்கள்? போலீஸா, டாக்டரா?

பெயர் சொல்லாமல் தினமும் நடப்பது கணிப்புதான். தமிழ்நாட்டில் அதன் பெரிய கருவி குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். சாராயம் காய்ச்சுபவர், ரவுடி என்று தொடங்கிய பட்டியலில் 2014 திருத்தத்தின்போது பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். சென்னையில் காவல் ஆணையர் கையெழுத்திட்டால் 12 மாதம் வரை உள்ளே. அண்ணா பல்கலைக்கழக வழக்கிலும் 2025 ஜனவரியில் இந்த ஆணை பிறந்தது.

இந்த ஆணைகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நடை மனப்பாடம். இன்ன வழக்கில் கைதாகியிருக்கிறார், ஜாமீனில் வெளிவர வாய்ப்பு இருக்கிறது, வந்தால் பொது ஒழுங்குக்குக் குந்தகமான செயல்களில் தொடர்ந்து ஈடுபடுவார், ஆகவே அடைக்கிறேன். ‘ஈடுபடுவார்’ என்பது சுத்தமான மறுகுற்றக் கணிப்பு. அதற்குப் பத்துக் கேள்விப் பட்டியல் கிடையாது, மனநல மருத்துவர் கிடையாது. அதிகாரி மனநிறைவு அடைந்தால் போதும் என்கிறது சட்டம். உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கேயும் கணிப்பு சரியா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானது, கொடுத்த ஆவணத்தில் ஒரு பக்கம் படிக்கும்படி இல்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை என்ற காரணங்களால் ஆணைகள் உடைகின்றன. அப்படி வெளியே வந்தவர் சொன்னபடி செய்தாரா, செய்யவில்லையா? அதை எழுதிவைக்கும் வழக்கம் இல்லை.

நுங்கம்பாக்கம் வானிலை மையம் மழை என்று சொன்னால் மறுநாள் பெய்ததா என்று ஊரே பார்க்கிறது, கேலியும் செய்கிறது. அந்தக் கேலிக்கு ஆளாகி ஆளாகித்தான் கணிப்பு மேம்படுகிறது. ஆளைப் பற்றிய கணிப்பு எத்தனை முறை பொய்த்தாலும் அதை எழுதியவருக்கே தெரியாமல் போகிறது.

நீதிபதிகளுக்கும் இந்த வேலை உண்டா?

மரண தண்டனை வழக்குகளில் கட்டாயம் உண்டு. 1980 பச்சன் சிங் தீர்ப்பு, இவர் சமூகத்துக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருப்பார், திருந்த மாட்டார் என்பதை அரசு சாட்சியத்தோடு காட்ட வேண்டும் என்றது. நாற்பது ஆண்டுகளாக அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. குற்றத்தின் கொடூரத்தை விவரித்துவிட்டு, ‘ஆகவே திருந்த மாட்டார்’ என்று தாண்டிப் போன தீர்ப்புகள் எத்தனையோ. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில்தான், விசாரணைக் கட்டத்திலேயே உளவியல் மதிப்பீடும், பின்னணி விவரங்களும், சிறை அறிக்கையும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். மதிப்பீடு செய்பவர் எந்த அளவுகோலை வைத்துச் செய்வார் என்ற கேள்விக்கு மேலே பார்த்த தாய்மாமன் சிக்கல்தான் பதில்.

போக்சோவில் உள்ளே போனவன் என்றால் யோசிக்காமல் ஆபத்தானவன் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே சம்மதத்துக்கு மதிப்பில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஊரைவிட்டு ஓடினால், பெண் வீட்டார் புகாரில் பையன் மீது விழுவது அதே போக்சோ. இப்படிப்பட்ட வழக்குகள் இங்கே குவிந்ததால்தான் 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்து இந்தச் சட்டம் இதற்காக வந்ததல்ல என்று எழுதினார். 2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். காதலித்து ஓடிய பையனையும், 2018இல் அயனாவரம் அடுக்ககத்தில் காது கேளாத 11 வயதுச் சிறுமியை மாதக்கணக்கில் சீரழித்த ஆட்களையும் ஒரே தலைப்பில் எண்ணினால், அந்த எண்ணை வைத்து எதையும் கணிக்க முடியாது.

சிறார்கள் விஷயத்தில் ஆராய்ச்சி இன்னும் தெளிவு. மைக்கேல் கால்டுவெல் 2016இல் 33,000க்கும் மேற்பட்ட இளம் குற்றவாளிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, பாலியல் மறுகுற்றம் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. அண்மைக் காலத்து ஆய்வுகளில் 3 சதவீதத்துக்கும் கீழே.

பெயர்ப் பட்டியலை வெளியிட்டால் நாங்களே ஜாக்கிரதையாக இருந்துகொள்வோமே?

பட்டியல் இருக்கிறது. மத்திய உள்துறை 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தில் அன்றைக்கே 4.4 லட்சம் பதிவுகள். போலீஸ் மட்டுமே பார்க்கலாம். பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொல்லும் கோரிக்கைக்கு இரண்டு பதில்கள்.

முதலாவது, நம் நாட்டு எண்கள். 2021இல் பதிவான 31,677 பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 96 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: வீட்டார், உறவினர், அக்கம்பக்கத்தார், காதலன், வேலை கொடுத்தவர். தெரிந்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ளப் பட்டியல் எதற்கு? அதோடு, அப்பாவின் பெயரை வெளியிட்டால் மகள் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தைக் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோவின் 23ஆம் பிரிவு சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது, அமெரிக்க அனுபவம். பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது: போலீசிடம் பதிவு செய்ய வைத்தால் குற்றம் குறைகிறது, பொதுமக்களுக்கு அறிவித்தால், ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களின் மறுகுற்றம் கூடவும் செய்யலாம். பெயர் வெளியானதால் வீடும் வேலையும் கிடைக்காதவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை.

ஆண்மை நீக்கம் செய்துவிட்டால்?

2015 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் இந்த யோசனையைச் சொன்னபோது பலர் கைதட்டினார்கள். 2013இலேயே நீதிபதி வர்மா குழு இதை நிராகரித்திருந்தது. எல்லாக் குற்றமும் காமத்தால் நடப்பதில்லை. அதிகாரம் காட்டவும், பழிவாங்கவும் நடக்கிறது. மருந்து கொடுத்துச் செய்வது என்றால், மருந்தை நிறுத்தியதும் விளைவும் நின்றுவிடும். பேச்சுவழி உளவியல் சிகிச்சையும் மந்திரக்கோல் அல்ல. இங்கிலாந்துச் சிறைகளில் கால் நூற்றாண்டு ஓடிய சிகிச்சைத் திட்டத்தை 2017இல் அளந்தபோது, அதில் சேர்ந்தவர்களில் 10 சதவீதமும் சேராதவர்களில் 8 சதவீதமும் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். திட்டத்தை மூடினார்கள். நல்ல எண்ணத்தோடு நடத்திய ஒன்றை அளந்து பார்த்து மூடுகிற துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

விடுதிக்கு வாட்ச்மேன் வைக்கிறோம், வீட்டுக்கு ஆள் வைக்கிறோம். போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்தால் போதுமா?

எடுங்கள், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வழக்கு இல்லை என்று வந்தால், அவர் மீது யாரும் இதுவரை புகார் பதியவில்லை என்று பொருள். அவ்வளவுதான். அயனாவரம் வழக்கில் 2020இல் தண்டனை பெற்ற 15 பேரில் காவலாளி, லிஃப்ட் ஆபரேட்டர், பிளம்பர் என்று அந்த அடுக்ககத்தில் அன்றாடம் நடமாடியவர்களே இருந்தார்கள். ஆளைச் சலிப்பதைவிட இடத்தைச் சரிசெய்வது சுலபம்: மாடி, கீழ்த்தளம், பயன்படாத அறை ஆகியவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, குழந்தையோடு தனியாக யார் இருக்க நேர்கிறது, ஒரு பெண் புகார் சொன்னால் விடுதியில் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் நம் கையில் இருப்பவை. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

அப்படியானால் கணிப்பதையே விட்டுவிட வேண்டுமா?

விட முடியாது. ஜாமீன் கேட்டால் நீதிபதி ஏதாவது சொல்லியாக வேண்டும். விடுப்பு கேட்டால் சிறைக் கண்காணிப்பாளரும் நன்னடத்தை அலுவலரும் அறிக்கை எழுதியாக வேண்டும். அதிக ஆபத்து, குறைந்த ஆபத்து என்று வரிசைப்படுத்தி, இருக்கிற கொஞ்சம் போலீசாரையும் நன்னடத்தை அலுவலர்களையும் முதல் வரிசைக்கு அனுப்ப அளவுகோல் உதவும். ஓர் ஆளை ஆயுளுக்கும் பூட்டிவைக்கும் காரணமாக அதை எடுக்கத்தான் கூடாது.

செய்யக்கூடிய முதல் வேலை பெரிய செலவு பிடிப்பதும் அல்ல. 2014 திருத்தத்துக்குப் பிறகு பாலியல் குற்றவாளி என்ற பிரிவில் குண்டர் சட்ட ஆணை பெற்ற ஒவ்வொருவரின் எஃப்.ஐ.ஆர். விவரமும் காவல்துறையின் கணினியில் இருக்கிறது, சிறைப் பதிவு சிறைத்துறையிடம் இருக்கிறது, தீர்ப்பு நீதிமன்ற இணையதளத்தில் இருக்கிறது. மூன்றையும் பெயர்களை மறைத்து ஒன்றாக இணைத்தால், முழு 12 மாதம் உள்ளே இருந்தவர், ஆவணத்தில் பக்கம் தெளிவில்லை என்று பாதியில் வெளிவந்தவர், இருவரில் யார் எத்தனை ஆண்டுகளில் மறுபடி வழக்கில் சிக்கினார், எந்த மாதிரி வழக்கில் என்று தெரிந்துவிடும். தரமணியிலும் சேப்பாக்கத்திலும் சட்டமும் குற்றவியலும் படிக்கிற மாணவர்கள் ஓராண்டு ஆய்வேடாக முடித்துவிடக்கூடிய வேலை. அதற்கு வேண்டியது உள்துறையின் அனுமதிக் கடிதம்.